ரேடியோ ஆங்கிலத்துக்கு மாறாது: டச்சு கேட்டுப் பழகிய பதினோரு மாதம்

நெதர்லாந்தின் ஐந்தோவன் நகருக்குக் குடிவந்து இரண்டு வருடம் ஆகியும் எனக்கு டச்சு வாயில் நுழையவில்லை. வகுப்புக்குப் போனேன், புத்தகம் வாங்கினேன், ஆனால் பேசிப் பழக ஆள் கிடைக்கவில்லை. ரொட்டிக் கடைக்குப் போகும்போது வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியத்தைத் தொடங்குவேன். மூன்றாவது சொல் வருவதற்குள் கடைக்காரப் பெண் சிரித்த முகத்தோடு ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிடுவார். உதவ வேண்டும் என்ற நல்லெண்ணம்தான். இந்த நாட்டில் பெரும்பாலோருக்கு ஆங்கிலம் சரளமாக வரும், நாம் தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவர்களுக்கு மனம் வராது.

போன செப்டம்பரில், பழைய பொருள்கள் விற்கும் கடையில் (இங்கே கிரிங்லோப் என்பார்கள்) எட்டு யூரோ கொடுத்து ஒரு பழைய பிலிப்ஸ் ரேடியோ வாங்கினேன். சமையலறை ஜன்னல் திண்டில் வைத்து, முழுநேரமும் பேச்சும் செய்தியுமாக ஓடும் என்.பி.ஓ. ரேடியோ 1 நிலையத்தைப் பிடித்தேன். ஒரு மணி நேரம் கேட்டும் ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் இந்தப் பெட்டி என் முகத்தைப் பார்க்காது, எனக்காக ஆங்கிலத்துக்கு மாறாது என்பது மட்டும் அன்றே மனசில் பட்டது. ரேடியோவையும் டிவியையும் வைத்தே டச்சு கற்றுப் பார்ப்பது என்று அன்று முடிவு செய்தேன்.

ரேடியோவுக்குப் பொருத்தமான ஊர்தான் இது. பிலிப்ஸ் 1891இல் பிறந்தது இங்கே. 1927இல் பி.சி.ஜே.ஜே. என்ற சிற்றலை நிலையம் ஐந்தோவனிலிருந்துதான் அன்றைய டச்சுக் காலனியான இந்தோனேசியா வரைக்கும் ஒலிபரப்பியது. அந்த ஊரில் உட்கார்ந்து, அந்த கம்பெனியின் ரேடியோவில் அவர்கள் மொழியைக் கேட்டுப் பழகுகிறேன் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம்.

முதல் இரண்டு மாதம் நான் செய்தது தப்பு. காலையிலிருந்து ராத்திரி வரை ரேடியோ ஓடிக்கொண்டே இருந்தால் மொழி தானாகக் காதில் ஏறும் என்று நம்பினேன். ஏறவில்லை. மிக்சி சத்தம், குக்கர் விசில் மாதிரி டச்சும் வீட்டுச் சத்தங்களில் ஒன்றாகிப்போனது. பின்னணியில் ஓடவிடுவதால் பயன் உண்டு என்று பலர் சொல்கிறார்கள், என் அனுபவம் அப்படி இல்லை. நவம்பரில் முறையை மாற்றினேன். நாளுக்கு இருபது நிமிடம் மட்டும், கையில் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்து கேட்பது. அதுவும் இரண்டே விஷயம், வானிலையும் போக்குவரத்தும்.

இந்த இரண்டையும் நான் பிடித்துக்கொண்டதற்குக் காரணம், அவை தினமும் ஒரே அச்சில் வார்த்ததுபோல வருபவை. இடமும் எண்ணும்தான் மாறும். “ஆ த்வே, ஊட்ரெக்ட் ரிக்திங் டென் போஸ், பெய் க்னோப்பண்ட் டெய்ல், ஸெஸ் கிலோமேத்தர் ஃபீலே.” ஏ2 நெடுஞ்சாலையில் ஊட்ரெக்டிலிருந்து டென் போஸ் போகிற பக்கம், டெய்ல் சந்திப்பருகே ஆறு கிலோமீட்டருக்கு வண்டிகள் நிற்கின்றன. ‘ஃபீலே’ என்றால் வண்டிகளின் வரிசை, ‘ஒன்ஹெஃபல்’ என்றால் விபத்து, ‘ஃபெர்த்ராஹிங்’ என்றால் தாமதம். பத்து நாளில் சொற்கள் வந்துவிட்டன. அப்புறம் மேப்பை விரித்து வைத்துக்கொண்டு, அவர்கள் சொல்லும் இடத்தில் விரல் வைத்துப் பார்ப்பேன். சரியாக வைத்துவிட்டால் அன்றைக்கு வீட்டில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பேன்.

வானிலையில் எனக்குப் பிடித்த சொல் ‘பொய்’. நம் பொய்க்கும் பாய்க்கும் நடுவில் உதட்டைக் குவித்து வரும் ஒலி, தமிழில் அப்படியே எழுத முடியாது. திடீரென்று கொட்டிவிட்டு நின்றுபோகும் மழைக்கு அந்தப் பெயர். இந்த நாட்டில் வருடம் முழுக்க அதுதான். அதனால் இந்த ஒரு சொல்லை ஆயிரம் முறையாவது கேட்டிருப்பேன், அந்த ஒலி என் வாயில் படிந்ததும் அப்படித்தான்.

எண்கள்தான் படுத்தியெடுத்தன. இருபத்திரண்டை டச்சில் ‘இரண்டும் இருபதும்’ என்று தலைகீழாகச் சொல்வார்கள். கேட்டு, திருப்பி, எழுதி முடிப்பதற்குள் செய்தி அடுத்த ஊருக்குப் போயிருக்கும். இடப்பக்கம் ஓர் இலக்கத்துக்கு இடம் விட்டு, காதில் விழுந்த முதல் இலக்கத்தை உடனே எழுதிவிட்டு, பிறகு முன்னால் உள்ளதை நிரப்பப் பழகினேன். மூன்று வாரத்தில் கை பழகிவிட்டது, காது பின்னாலேயே வந்தது.

நேரம் சொல்வது இன்னொரு கதை. டிசம்பரில் மகள் பள்ளியில் பெற்றோர் கூட்டம். ஆசிரியை ‘ஹால்ஃப் அஹ்த்’ என்றார். பாதி என்றும் எட்டு என்றும் புரிந்தது, எட்டரை என்று எடுத்துக்கொண்டேன். போனால் கூடத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். டச்சில் அதற்கு அர்த்தம் ஏழரை, எட்டை நோக்கிப் பாதி வழி வந்தாயிற்று என்பது அவர்கள் கணக்கு. அன்றிலிருந்து ரேடியோவில் நேரம் சொல்லும்போதெல்லாம் கடிகாரத்தைப் பார்த்துச் சரிபார்த்தேன். ‘ஃபைஃப் ஃபோர் ஹால்ஃப் நேஹன்’ என்றால் ஒன்பதை நோக்கிய பாதிக்கு ஐந்து நிமிடம் முன்பு, அதாவது எட்டு இருபத்தைந்து. இப்போது யோசிக்காமலே வருகிறது.

ஜனவரியில் டிவியைக் கையில் எடுத்தேன். என்.ஓ.எஸ். என்ற பொதுத்துறைச் செய்தி அமைப்பு, சிறுவர்களுக்காக ‘யோஹ்த்ஷூர்னால்’ என்று ஒரு செய்தி நிகழ்ச்சி நடத்துகிறது. 1981இலிருந்து வருகிறது, பள்ளிகளில் வகுப்பிலேயே போட்டுக் காட்டுவார்கள். டச்சு கற்க நினைக்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். போரும் தேர்தலும் விலைவாசியும் எல்லாம் அதில் உண்டு. ஆனால் எதையும் பிள்ளைகளுக்கு முன்பே தெரியும் என்று விட்டுவிட மாட்டார்கள். நாடாளுமன்றம் என்றால் அது என்ன செய்யும் என்று ஒரு வரி, வட்டி என்றால் அது என்ன என்று ஒரு வரி. எனக்கு வேண்டியதும் அந்த ஒரு வரிதான். மகளும் நானும் சாயங்காலம் சேர்ந்து பார்ப்போம். நான் தப்பாகத் திருப்பிச் சொன்னால் “அம்மா, அப்படி இல்ல” என்று நிறுத்தி, சரியாகச் சொல்லும் வரை விடமாட்டாள்.

ஒரு துண்டுச் செய்தியை மூன்று தடவை பார்ப்பது என் முறை. முதலில் கீழே வரும் எழுத்து (சப்டைட்டில்) இல்லாமல், அடுத்து டச்சு எழுத்தோடு, கடைசியில் மறுபடி எழுத்து இல்லாமல். டிவியில் காது கேளாதோருக்கான டச்சு எழுத்து, டிவித் திரையிலேயே தகவல் பக்கங்கள் காட்டும் டெலிடெக்ஸ்ட் சேவையின் 888ஆம் பக்கத்தில் வரும். அந்த எண் இங்கே எல்லாருக்கும் மனப்பாடம். நான் பெரும்பாலும் ஆப்பில்தான் பார்ப்பதால் பொத்தானைத் தட்டினால் போதும்.

இரண்டாவது தடவையில்தான் உண்மையான பாடம். ‘எய்ஹன்லெக்’ என்று எழுத்தில் முழுசாக இருப்பது வாயில் ‘எய்க்’ என்று சுருங்கிவிடுகிறது. ‘நாத்யூர்லெக்’ தலையை உதிர்த்து ‘த்யூர்லெக்’ ஆகிறது. ‘தத் இஸ்’ சேர்ந்து ‘தஸ்’. நாம் ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்று எழுதி ‘வந்துட்டிருக்கேன்’ என்று பேசுவது இல்லையா, அதேதான். அகராதியில் தேடியபோது கிடைக்காத சொற்கள் எல்லாம் எனக்கு ஏற்கெனவே தெரிந்த சொற்கள் என்று புரிந்த நாளில் நோட்டில் இரண்டு பக்கம் எழுதினேன். ஒன்று சொல்ல வேண்டும். பெரியவர்களின் நிகழ்ச்சிகளில் பேச்சு வேகமானால் எழுத்தைச் சுருக்கிப் போட்டுவிடுவார்கள், காதும் கண்ணும் ஒத்துப்போகாது. நிதானமாகப் பேசும் நிகழ்ச்சிகளில் இந்தத் தொல்லை குறைவு.

இன்னும் மெதுவாக வேண்டுமானால், அதே என்.ஓ.எஸ். எளிய மொழியில் ஒரு செய்தித் தொகுப்பும் தருகிறது. மூன்று வாரம் பார்த்துவிட்டு விட்டேன். நல்ல முயற்சி, ஆனால் ஆரம்ப நிலைக்குத்தான்.

வெளிநாட்டுத் தொடர்களை இங்கே டப்பிங் செய்வதில்லை, சிறுவர் நிகழ்ச்சிகளைத் தவிர. ஆங்கிலத் தொடர் ஆங்கிலத்திலேயே ஓடும், கீழே டச்சு எழுத்து வரும். வாசிப்புக்கு அது உதவியது, கேட்பதற்கு ஒரு பயனும் இல்லை.

ஒலியைப் பற்றி எழுதாமல் விட முடியாது. எல்லாரும் டச்சின் ‘ஹ’ தொண்டையைக் காறுவது மாதிரி என்பார்கள், பயமுறுத்துவார்கள். டச்சு ஒளிபரப்பின் தலைநகரான ஹில்வெர்சம் பக்கத்து அறிவிப்பாளர்களிடம் அது கரகரப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐந்தோவன் இருக்கும் பிரபான்ட் பகுதியில் அதை மென்மையாக ஒலிப்பார்கள், ‘மென் ஹ’ என்றே அதற்குப் பெயர். ஒருநாள் உள்ளூர் நிலையமான ஓம்ரூப் பிரபான்டில் ஒரு பெரியவர் ‘தாஹன்’ (நாள்கள்) என்று சொன்னதைக் கேட்டு நின்றுவிட்டேன். நம் ‘மகன்’, ‘பகல்’ என்ற சொற்களின் நடுவில் வருகிற ‘க’ கிட்டத்தட்ட அதுதான்! பிறந்ததிலிருந்து சொல்லி வரும் ஒலியை இரண்டு வருடம் வெளியே தேடியிருக்கிறேன்.

இதே மாதிரி இன்னொன்று. ஹில்வெர்சம் இருக்கும் வட்டாரத்துக்கு ஹோய் என்று பெயர். அங்கத்தியவர்கள் ‘மார்’, ‘வேர்’ போன்ற சொற்களின் கடைசி ‘ர்’ ஒலியை நாக்கை உள்ளே மடக்கி ஒலிக்கிறார்கள். ஹோய் ‘ர்’ என்றே அதற்குப் பெயர், இப்போது வேறு பல இடங்களிலும் பரவிவிட்டது. என் காதுக்கு அது நம் ‘ழ’. ‘மாழ்’ என்று சொல்லிப் பார்த்தேன். மகள் திரும்பிப் பார்த்து, “எங்க டீச்சர் இப்படித்தான் சொல்வாங்க” என்றாள்.

தமிழ் தெரிந்திருப்பது வாக்கிய அமைப்பிலும் கைகொடுத்தது. ‘ஏனென்றால்’ என்று ஒரு துணை வாக்கியம் தொடங்கினால் டச்சில் வினை கடைசிக்குப் போய்விடும்: “நான் நேற்று மகளோடு சந்தைக்குப் போனேன்” என்ற அதே வரிசை. என் வகுப்பில் ஸ்பெயின்காரர் ஒருவர் வினை எப்போது வரும் என்று தவிப்பார். நமக்கு அது பழக்கமான காத்திருப்பு. ஆனால் பிரிந்து நிற்கும் வினைகளில் கவனம் வேண்டும். போலீஸ் மூன்று பேரை ‘ஹீல்ட்’ என்று செய்தி தொடங்கும், பிடித்தது என்று அர்த்தம். வாக்கியம் ஊர், தெரு, நேரம் என்று ஓடி, கடைசியில் ‘ஆன்’ என்று ஒரு துணுக்கு வரும். அது வந்தால்தான் கைது. அந்தத் துணுக்கு வருவதற்குள் கவனம் சிதறினால் செய்தியே போச்சு.

‘தோஹ்’, ‘ஏவன்’, ‘ஹோர்’ என்று அவர்கள் பேச்சில் தூவும் சின்னச் சொற்களைப் புத்தகங்கள் விளக்கப் படாதபாடு படுகின்றன. தமிழில் யோசித்தால் உடனே விளங்கும். “யே கொம்த் தோஹ்?” என்றால் “வருவேதானே?” ‘ஏவன் கெய்க்கன்’ என்றால் “இரு, பாக்கறேன்”. நம் ‘தானே’யும் ‘கொஞ்ச’மும் செய்கிற வேலை. ஏப்ரலில் இவற்றுக்கென்றே நோட்டில் தனிப் பக்கம் ஒதுக்கினேன். இந்தப் பக்கம் வளர வளரத்தான் நான் பேசுவதும் பேச்சு மாதிரி ஆனது.

இடையில் ஒருநாள் பேட்டி ஒன்றில் ‘ஓப் கன்தோர்’ என்று காதில் விழுந்தது, அலுவலகத்தில் என்று அர்த்தம். யாழ்ப்பாணத்துத் தோழி அலுவலகத்தைக் கந்தோர் என்றுதான் சொல்வார். இலங்கையில் டச்சுக்காரர்கள் விட்டுப்போன சொல். போனில் கூப்பிட்டுச் சொன்னேன், அவருக்கும் அன்றுதான் தெரியும்.

டிவியில் எனக்குச் சரிப்பட்டது ‘ஹேல் ஹொலன்ட் பக்த்’ என்ற கேக் போட்டி. மாவைப் பிசையும்போதே பிசைகிறேன் என்று சொல்கிறார்கள், கை சொல்வதும் வாய் சொல்வதும் ஒன்று. விவசாயிகள் துணை தேடும் ‘பூர் ஸூக்த் ஃப்ரௌ’வும் பிடிக்கும், பல வட்டாரப் பேச்சு கேட்கலாம். ராத்திரி விவாத நிகழ்ச்சிகள் சரிப்படவில்லை, நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். பக்கத்து பெல்ஜியத்தின் வி.ஆர்.டி. சேனலும் இங்கே வரும். ஃப்ளெமிஷ் (பெல்ஜியத்தில் பேசும் டச்சு) தொடர்களை நெதர்லாந்தில் போடும்போது டச்சுக்காரர்களுக்கே கீழே எழுத்துப் போடுகிறார்கள். அதைப் பார்த்தபோது மனசு லேசானது.

ஜூனிலிருந்து ‘மெத் ஹெத் ஓஹ் ஓப் மோர்ஹன்’ முயற்சி செய்கிறேன். ரேடியோ 1இல் ராத்திரி பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை, 1976இலிருந்து நடக்கும் நிகழ்ச்சி. நாளைய செய்தித்தாள்களில் என்ன வரப்போகிறது என்றும் வாசிப்பார்கள். ஜூன் தொடக்கத்தில் பத்தில் ஒரு பங்கு புரிந்தது. இப்போது தலைப்புகளில் பாதியாவது பிடித்துவிடுகிறேன், விளக்கத்தில்தான் நழுவுகிறது.

முந்தாநாள் அதில் ‘ஹெடூ’ என்று ஒரு சொல் மூன்று தடவை வந்தது. அகராதி சொன்ன அர்த்தம் திருப்தியாக இல்லை. காலையில் குப்பைத் தொட்டியை வெளியே வைக்கும்போது பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேட்டேன், டச்சில். அவர் தொட்டியில் கையை ஊன்றிக்கொண்டு, துவைக்கும் மெஷின் பழுதானதையும், வருகிறேன் என்ற ஆள் வராததையும், போன் செய்தால் பாட்டு போட்டுக் காத்திருக்க வைத்ததையும், கடைசியில் வந்தவர் தவறான பாகத்தோடு வந்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னார். பத்து நிமிடம். ஒரு சொல்கூட ஆங்கிலத்தில் இல்லை. பிறகு இரண்டு கையையும் விரித்து, “தஸ் நௌ ஹெடூ, ஹோர்” என்றார்.

நோட்டில் எழுதிவிட்டேன்: ஹெடூ, வீண் அலைச்சல், பாட்டியின் வாஷிங் மெஷின்.