கருத்தரிப்புக்கு முன்பே ஒரு கட்டம்

நாற்பது வயதில் வரும் சர்க்கரை நோய்க்கு அம்மா வயிற்றிலேயே வித்து விழுகிறது என்றால் எந்தச் சுகாதார அதிகாரியும் மறுக்கமாட்டார். "சரி, இந்த மார்ச்சுக்குள் எதைக் காட்டுவீர்கள்?" என்பார். மும்பையில் தாய்சேய் நலக் கொள்கைக் குறிப்பு எழுதுகிறவர்கள் முட்டி நிற்கும் இடம் இதுதான். கேள்வி நியாயமானதும்கூட.

எனவே பிறப்பு எடைக்கும் பிற்கால நோய்க்கும் தொடர்பு காட்டிய டேவிட் பார்க்கரின் பிரிட்டிஷ் ஆய்விலிருந்து குறிப்பைத் தொடங்கிப் பயனில்லை. இந்த ஊர்ச் சேரிகளிலேயே, கருத்தரிக்கும் முன்பிருந்து பெண்களுக்குக் கீரை, பழம், பால் சேர்த்த சிற்றுண்டி கொடுத்துப் பார்த்த ஆய்வு இருக்கிறது. மொத்தத்தில் பிறப்பு எடை கூடியதாகத் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. கருத்தரிப்பதற்கு 90 நாளாவது முன்பே சாப்பிடத் தொடங்கியவர்களின் குழந்தைகள் சராசரி 48 கிராம் கூடுதல். மிக மெலிந்த தாய்மாருக்கு அதுவும் இல்லை. 48 கிராமைத் தலைப்பில் போட்டால் கோப்பு அன்றே மூடப்படும். கர்ப்பகாலச் சர்க்கரை சாதாரணச் சிற்றுண்டி சாப்பிட்டவர்களில் 12.4 சதவீதம், இந்தச் சிற்றுண்டி சாப்பிட்டவர்களில் 7.3 சதவீதம். முதல் பத்தியில் நிற்க வேண்டியது இந்த எண். நாற்பது ஆண்டு காத்திருக்க வேண்டாம். மெலிந்த தாய்மார் விஷயத்தையும் மறைக்காமல் எழுத வேண்டும். திட்டம் வந்தபின் முதலில் கேள்வி கிளம்புவது அங்கிருந்துதான்.

ஆனால் இந்த எண் பரிசோதனை மேசையிலேயே கெடும். 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கரைத்து, ஐந்து பத்து நிமிடத்துக்குள் குடிக்கவைத்து, 2 மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை. கரண்டிக் கணக்கில் போட்டால் 75 என்பது 50 ஆகிவிடும். அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் மறுநாள் திரும்பச் செய்ய வேண்டும். குழாயில் தண்ணீர் வரும் நேரமென்றால் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனவர் திரும்புவதே சந்தேகம். முதல் சோதனை சரியாக இருந்தாலும் 24–28 வாரத்தில் இன்னொன்று உண்டு. விட்டுப்போவது பெரும்பாலும் அதுதான்.

அந்த 90 நாளை எங்கே பிடிப்பது? கர்ப்பப் பதிவேடு, பெண் தானாக வந்து சொன்ன பிறகே திறக்கிறது. அதற்குள் அந்தக் காலம் கடந்துவிடும். புதுத் திட்டம் கேட்டால் ஆள் இல்லை, காசு இல்லை என்று பதில் வரும். வீடு வீடாகப் போகும் ஆஷா சுகாதார ஊழியர் கையில் தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு ஏற்கெனவே இருக்கிறது. புதிதாகக் கல்யாணமானவர் பெயர் அதில் கருத்தடைக்காக ஏறுகிறது. அதில் உயரம், எடை, ஹீமோகுளோபின் என்று மூன்று கட்டம் கேட்டால் போதும். இருபது வயது கடந்தவர்களுக்கு வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை என்பது 2018-இன் அனீமியா முக்த் பாரத் என்ற இரத்தசோகை ஒழிப்புத் திட்டத்திலேயே இருக்கிறது. ஒரே சிக்கல், பேச்சு வாசலில் மாமியாரிடம் நடக்கிறது. "இன்னும் ஒண்ணும் இல்லம்மா" என்ற பதிலோடு முடிகிறது. மருமகளைத் தனியே பார்க்கும்படி வழிமுறையில் எழுதாவிட்டால் மூன்று கட்டமும் காலியாகவே இருக்கும்.

தாராவித் தமிழ்க் குடும்பங்களில் இன்னொன்று. வளைகாப்பு முடிந்தால் பெண் திருநெல்வேலிப் பக்கம் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள். தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழுக்குப் பிக்மி என்ற கர்ப்பப் பதிவு எண் வேண்டும் என்பதால் அங்கே பதிவு புதிதாக ஏறும். மும்பைக் கணக்கில் அவள் பாதியில் காணாமல் போனவள்; குழந்தையின் எடை இங்கே வந்து சேராது. கிளம்பும் முன் தாய்சேய் நல அட்டையைப் படமெடுத்து அந்த ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியருக்கு அனுப்புவது யார் வேலை என்று குறிப்பில் பதவியோடு எழுத வேண்டும். பதவி எழுதாத வேலையை யாரும் செய்வதில்லை.