பரீட்சை அட்டவணையைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்

என் மனைவி கரீபியன் தீவான கிரெனடாவில் மருத்துவம் படித்தாள், செயின்ட் ஜோர்ஜஸ் பல்கலைக்கழகத்தில். கனடாவில் மருத்துவப் படிப்புக்கு இடம் எடுப்பது எவ்வளவு கடினம் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். இரண்டு முறை விண்ணப்பித்தும் கிடைக்காமல், கலியாணம் முடிந்து ஒன்பதாவது மாதம் அவள் தீவுக்கு வெளிக்கிட்டாள். முதல் இரண்டு வருடம் தீவில் பாடங்கள், பிறகு அமெரிக்க அல்லது பிரித்தானிய மருத்துவமனைகளில் பயிற்சி. எனக்கு ரொறன்ரோவில் வேலை. அந்த இரண்டு வருடத்தில் மூன்று முறை போய்வந்தேன். இதே நிலையில் இருக்கும் கணவன் மனைவிமாருக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் பயணத்தை நான் அவளைக் கேட்காமலே முடிவு செய்தேன். அவளுடைய பிறந்தநாள் வந்தது, மலிவாக டிக்கெட் கிடைத்தது, போட்டுவிட்டேன். அது பரீட்சைக்கு முந்தைய கிழமை. காலை ஏழு மணிக்குப் போனால் இரவு பதினொரு மணிக்குத்தான் வருவாள். நான் கிராண்ட் ஆன்ஸ் கடற்கரையில் தனியே இருந்தேன். மூன்று கிலோமீற்றர் வெள்ளை மணல், எல்லாரும் சோடி சோடியாக. மனத்தாங்கலோடு இருந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. நான்காம் நாள் இரவு அவள்தான் சொன்னாள்: "நீங்கள் வந்தது எனக்குச் சந்தோசம்தான். ஆனால் தனிய இருக்கிறீங்கள் எண்டு நினைச்சால் ஒரு பக்கமும் மண்டையில ஏறுதில்லை." அவளுக்கு ஆறுதலாக இருக்கப் போனவன் அவளுக்குச் சுமையாகியிருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. அந்த வார்த்தை இன்றுவரை எனக்குள் இருக்கிறது.

ஆகவே முதலில் பல்கலைக்கழக நாட்காட்டியை வாங்கிக்கொள்ளுங்கள். பரீட்சைகள் எந்தத் திகதிகளில் என்று குறித்துவைத்து, பரீட்சை முடிந்த அடுத்த நாள் போய் இறங்குகிற மாதிரி டிக்கெட் போடுங்கள். ரொறன்ரோவிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது, ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம். ஆனால் ஒவ்வொரு நாளும் இல்லை என்பதால், அந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். புயல் காலம் ஜூன் முதல் நவம்பர் வரை. அந்த மாதங்களில் போவதென்றால் பயணக் காப்புறுதி இல்லாமல் போகவேண்டாம். 2004இல் ஐவன் புயல் அந்தத் தீவின் பெரும்பாலான வீடுகளைச் சேதப்படுத்தியது. 2024 ஜூலை 1ஆம் திகதி பெரில் புயல் பக்கத்துத் தீவான கரியகூவை நேரடியாகத் தாக்கியது.

கனேடியக் கடவுச்சீட்டு இருந்தால் விசா தேவையில்லை. வேறு நாட்டுக் கடவுச்சீட்டு என்றால் முன்கூட்டியே விசாரியுங்கள். குடிவரவு அதிகாரி என்னிடம் கேட்டது இரண்டு விடயங்கள்: திரும்பும் டிக்கெட், தங்கும் முகவரி. முதல் முறை அவளுடைய முகவரி என் தொலைபேசியில் மட்டும் இருந்தது, அங்கே இணைப்பு வரவில்லை. அடுத்த முறை கடதாசியில் எழுதிக்கொண்டு போனேன்.

பணம்: அங்கே கிழக்குக் கரீபியன் டொலர். ஓர் அமெரிக்க டொலருக்கு 2.70 என்று 1976 முதல் மாறாத விலை. விலை சொன்னால் "எந்த டொலர்?" என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள், முக்கியமாக டாக்சியில். நான் பெரும்பாலும் முதலாம் இலக்க மினிபஸ்ஸில்தான் திரிந்தேன். தலைநகரிலிருந்து கிராண்ட் ஆன்ஸ் வழியாகப் போகும். இறங்கும் இடம் வந்ததும் வண்டியின் உட்சுவரில் தட்டவேண்டும். ஞாயிற்றுக்கிழமை அநேகமாக ஓடாது. ஒரு ஞாயிறு நல்ல வெயிலில் நெடுந்தூரம் நடந்துதான் அதைப் படித்தேன்.

இனி மின்சாரம். கனடாவில் 120 வோல்ட், கிரெனடாவில் 230. இதை யோசிக்காமல் ஸ்கார்பரோவில் வாங்கிய சோறு அவிக்கும் குக்கரைக் கொண்டுபோய்ச் செருகினேன். சில நிமிடத்தில் கருகல் மணம், குக்கர் போய்விட்டது. பிறகுதான் எனக்கு மாமியின் கிரைண்டர் நினைவுக்கு வந்தது. கொழும்பிலிருந்து கொண்டுவந்து, கனடாவில் ஓடாது என்று பேஸ்மென்டில் பல வருடமாகத் துணி சுற்றிக் கிடந்தது. 230 வோல்ட், மூன்று சதுர முள் செருகி. கிரெனடாவின் சுவரில் இருப்பதும் அதே மூன்று சதுரத் துளைதான். இரண்டாம் பயணத்தில் அதைக் கொண்டுபோய்ச் செருகியபோது முதல் தட்டிலேயே ஓடியது. மனைவி அந்தச் சத்தத்தைக் கேட்டு அறையிலிருந்து ஓடிவந்தாள்.

அந்தப் பயணத்தில்தான் அங்கே எனக்குச் செய்ய ஒரு வேலை கிடைத்தது: சமையல். சனிக்கிழமை காலையில் தலைநகரின் சந்தைச் சதுக்கத்துக்குப் போனேன். ஈரப்பலாக்காய், தேங்காய், பச்சை மஞ்சள் குவிந்து கிடந்தன. மஞ்சளை அவர்கள் சாஃப்ரன் என்கிறார்கள். சாதிக்காயை அதன் சிவப்புச் சாதிபத்திரி சுற்றியபடியே விற்கிறார்கள். அந்த நாட்டின் கொடியிலேயே சாதிக்காய் இருக்கிறது. அவர்களுடைய தேசிய உணவின் பெயர் ஓயில் டவுன். ஈரப்பலாக்காயையும் கீரையையும் உப்பிட்ட இறைச்சியையும் மஞ்சள் போட்டுத் தேங்காய்ப்பாலில், பால் முழுவதும் வற்றும்வரை வேகவிடுவது. வீட்டுக்கார அம்மா எங்களுக்காக இறைச்சி இல்லாமல் ஒரு சட்டி தனியாக வைத்துத் தந்தார். வாயில் வைத்ததும் மனைவி பேசாமல் இருந்தாள். பிறகு "அம்மம்மான்ர கறி" என்றாள். அவள் சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் சாப்பிட்டது அது.

ரொட்டியும் எங்கும் கிடைக்கும். 1857இல் மெய்ட்ஸ்டோன் என்ற கப்பலில் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தது. அந்தக் கடையில் நின்று சாப்பிடும்போது, ஆறு மாத இடைவெளியைப் பெரிய பிரிவாகப் பேசிக்கொண்டிருந்த எனக்கு, திரும்பிப் போகவே முடியாமல் போனவர்கள் நினைவுக்கு வந்தார்கள்.

மூன்றாம் பயணத்தில் நான் சுற்றிப்பார்க்கப் போகவே இல்லை. பரீட்சை முடிந்த மூன்று நாளும் அவள் நித்திரை கொண்டாள், நான் அருகில் புத்தகம் வாசித்தேன். நான்காம் நாள் கடலில் குளித்தோம். மிச்ச நாட்களில் கறி வைத்துச் சின்னப் பெட்டிகளில் போட்டு உறையவைத்தேன், முப்பத்தாறு பெட்டி. ஒவ்வொன்றிலும் திகதி எழுதினேன், அடுத்த பரீட்சை முடியும் நாள் வரைக்கும் கணக்குப் பண்ணி. கதைக்கும் நேரத்தையும் அப்போதே முடிவு செய்தோம்: இரவு பத்தே முக்காலுக்குப் பதினைந்து நிமிடம், அதற்குமேல் இல்லை. கோடையில் இரண்டு ஊருக்கும் ஒரே நேரம். குளிர்காலத்தில் மட்டும் அவள் ஒரு மணி நேரம் முன்னால்.

நான் திரும்பும் நாள் அவளுக்கு எட்டு மணிக்கு வகுப்பு. விமான நிலையத்துக்கு வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, பல்கலைக்கழக பஸ் நிற்கும் இடம் வரைக்கும் அவளோடு நடந்தேன். அவள் ஏறி, யன்னலோரம் இருந்து, மடியில் சாப்பாட்டுப் பெட்டியை வைத்துக் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தாள். பஸ் வெளிக்கிடும்போது நிமிர்ந்து பார்த்து, பத்தே முக்கால் என்று கைவிரல்களால் காட்டினாள்.