காலுக்கு முன்னால் வயிறு

பெரியவர்களை எழுந்து நடக்க வைப்பதுதான் பிசியோதெரபிஸ்டாக என் அன்றாட வேலை. ஆனால் புதிதாக ஒருவர் வந்து உட்கார்ந்ததும் நான் முதலில் கேட்பது காலைப் பற்றி அல்ல. “மோஷன் சரியாகப் போகிறதா?” என்றுதான் கேட்கிறேன். கூட வந்த மகனோ மகளோ சற்று நெளிவார்கள். பெரியவர்கள் நெளிவதில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த மாதிரி சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

இதைக் கேட்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் 78 வயதுப் பெரியவர் ஒருவர். நிமோனியா வந்து இரண்டு வாரம் படுத்த படுக்கையாக இருந்துவிட்டு வந்தார். படுக்கை என்பது வயதானவர்களின் காலுக்கு எவ்வளவு கொடுமையானது என்று பலருக்குத் தெரிவதில்லை. 2007இல் வெளியான ஓர் ஆய்வில், நல்ல ஆரோக்கியத்துடன் இருந்த முதியவர்களைப் 10 நாள் படுக்கையிலேயே இருக்க வைத்துப் பார்த்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய 1 கிலோ தசை குறைந்திருந்தது. அவர்களுக்குக் காய்ச்சலும் இல்லை, பசியின்மையும் இல்லை. இவருக்கு இரண்டும் இருந்தன.

கைப்பிடியின் வலுவை அளக்கும் கருவியை அழுத்தச் சொன்னேன். 17 கிலோ காட்டியது. ஆசிய வல்லுநர் குழு 2019இல் வகுத்த அளவுப்படி ஆண்களுக்கு அது 28 கிலோவுக்குக் கீழே போகக் கூடாது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 12 விநாடிக்குள் முடிய வேண்டும். அவரால் ஒரு முறைகூட எழ முடியவில்லை. இந்தத் தசையிழப்புக்கு சார்கோபீனியா என்று 1989இல் பெயர் வைத்தவர் அமெரிக்க ஊட்டச்சத்து ஆய்வாளர் இர்வின் ரோசன்பெர்க். கிரேக்கச் சொற்களைச் சேர்த்த பெயர். ‘தசை வறுமை’ என்று தமிழில் சொல்லலாம். அவருடைய தொடையைத் தொட்டுப் பார்த்தபோது அந்தச் சொல்தான் மனதில் வந்தது.

மூன்று வாரம் பயிற்சி கொடுத்தேன். ஒரு முன்னேற்றமும் இல்லை. எடை வேறு இறங்கிக்கொண்டே போனது. பயிற்சி போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து எண்ணிக்கையைக் கூட்டினேன். அது தவறு. பயிற்சி முடிந்ததும் எல்லோருக்கும் ஒரு டம்ளர் தண்ணீர் வைப்பேன். அவர் உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு டம்ளரைத் திரும்ப வைத்துவிடுவார். அதையும் மூன்று வாரம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஏன் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

ஒரு நாள் மாலை அவரே ஆரம்பித்தார். “அம்மா, ஒன்று சொல்லட்டுமா? டாய்லெட்டில் உட்கார்ந்தால் என்னால் எழுந்திருக்க முடியவில்லை.” கதவின் கைப்பிடியைப் பிடித்து உடம்பை இழுத்துக்கொண்டு எழுவதை நாற்காலியில் இருந்தபடியே செய்து காட்டினார். அந்தக் கைப்பிடியும் இப்போது ஆட ஆரம்பித்துவிட்டதாம். ராத்திரியில் போக வேண்டியிருந்தால் மனைவியை எழுப்ப வேண்டும், அவளுக்கே முதுகு வலி. அதனால் நான்கு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்தியிருந்தார். சாப்பாட்டையும் பாதியாக்கியிருந்தார். மோஷன் போய் ஐந்து நாள் ஆகியிருந்தது. வயிறு உப்பிக் கிடந்ததால் அந்தப் பாதிச் சாப்பாடும் இறங்கவில்லை.

எழ முடியாது என்ற பயத்தில் சாப்பாட்டையும் தண்ணீரையும் குறைக்கிறார். அதனால் மலம் இறுகுகிறது. இறுகிய மலத்தை முக்கி வெளியேற்ற வயிற்றுத் தசையும் உதரவிதானமும் இடுப்புத்தளத் தசையும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். அந்தத் தசைகளும் தளர்ந்துதானே கிடக்கின்றன? மலச்சிக்கல் பசியைக் கொல்கிறது. பசி போனால் புரதம் போகிறது, புரதம் போனால் மிச்சமிருக்கும் தசையும் கரைகிறது. அவ்வளவையும் விட்டுவிட்டு நான் அவரை நாற்காலியிலிருந்து எழச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்களுடன் வேலை செய்யும் உணவியல் நிபுணர் அவர் மூன்று நாள் சாப்பிட்டதை எழுதி வாங்கிக் கணக்குப் போட்டார். எடை 56 கிலோ. முதியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும், நோயிலிருந்து தேறும்போது 1.5 கிராம் வரைகூடத் தேவைப்படலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் கூட்டக் கூடாது. வயதான தசை புரதத்துக்கு முன்போல மசிவதில்லை, இளைஞருக்குப் போதுமான அளவு அதற்குப் போதாது. இவருக்குக் கிடைத்ததோ நாளைக்கு 25 கிராம்கூட இல்லை. வயிற்றுக்கு இதமாக இருக்கட்டும் என்று வீட்டில் அன்போடு கொடுத்ததெல்லாம் வெறும் மாவுச்சத்து. உடம்பு மெலிந்ததில் பல் செட்டும் தளர்ந்துவிட்டது. அதனால் மெல்ல வேண்டிய எதையும் அவர் தொடுவதில்லை.

“வயசானால் சாப்பாடு குறையத்தானே செய்யும்” என்று வீட்டில் சொன்னார்கள். ஓரளவுக்கு உண்மைதான். வயதானால் இரைப்பை மெதுவாகக் காலியாகும், கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிட்ட மாதிரி இருக்கும். ஆனால் ஒருவர் மாதக்கணக்கில் மெலிந்துகொண்டே போவதை அந்த ஒரு வரியில் அடக்கிவிடுவது எனக்குத் தாங்காது.

மருத்துவர் மாத்திரைகளைப் பார்த்தார். இரும்புச்சத்து மாத்திரையும் ஓபியாய்டு வகை வலி மாத்திரையும் இருந்தன, இரண்டுமே மலத்தை இறுக்குபவை. வலி மாத்திரையை மாற்றி, சில நாளுக்கு மலமிளக்கி கொடுத்தார். நெஞ்செரிச்சலுக்கென்று வருடக்கணக்கில் சாப்பிட்டுவந்த அமிலக் குறைப்பு மாத்திரையால் வைட்டமின் பி12 குறைந்திருக்குமோ என்று ரத்தப் பரிசோதனையும் எழுதினார். நார்ச்சத்தை மெல்ல மெல்லத்தான் கூட்டினோம், தண்ணீர் குடிக்காதவருக்கு நாரை மட்டும் கூட்டினால் சிக்கல் இன்னும் இறுகும். தண்ணீரில் பெரும்பகுதியைப் பகலுக்கு மாற்றினோம். காலை உணவு முடிந்து கால் மணி நேரத்தில் டாய்லெட்டில் உட்காரச் சொன்னோம், இரைப்பை நிறைந்ததும் பெருங்குடல் தானே அசையத் தொடங்கும். முட்டை, பால், தயிர், நன்றாக வேகவைத்துக் குழைத்த பருப்பு என்று ஒவ்வொரு வேளையிலும் ஏதாவது சேர்ந்தது. சுவரில் உறுதியான பிடிகம்பி ஒன்றும் பொருத்தினார்கள்.

என் பங்குக்கு, அவர் வீட்டு டாய்லெட் இருக்கையின் உயரத்தை அளந்து வரச் சொன்னேன். என் நாற்காலி அதைவிட உயரமாக இருந்தது. அதுவரை அவருக்குத் தேவையில்லாத உயரத்திலிருந்து எழப் பழக்கியிருக்கிறேன்! தாழ்வான நாற்காலி ஒன்றை எடுத்து மூன்று மெத்தை போட்டேன். வாரம் தோறும் ஒன்றை உருவினேன்.

பெரியவர் ஒருமுறை, இந்த வயதில் இதெல்லாம் திரும்பி வருமா என்று கேட்டார். 1990இல் வெளியான ஆய்வு ஒன்றைச் சொன்னேன். முதியோர் இல்லத்தில் 86 முதல் 96 வயது வரை இருந்தவர்கள் 8 வாரம் எடைப் பயிற்சி செய்தார்கள், கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. அதே ஆய்வாளர்கள் 1994இல் நூறு பேரிடம் செய்த ஆய்வில், பயிற்சி இல்லாமல் சத்துணவு மட்டும் கொடுத்ததில் வலு கூடவில்லை. இரண்டும் வேண்டும். “அப்ப நான் சின்னப் பையன்” என்றார்.

அவர் என்னிடம் வரத் தொடங்கிய எட்டாவது வாரம் கடைசி மெத்தையையும் எடுத்தாயிற்று. கையை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்தார், 16 விநாடி. 12க்கு இன்னும் தூரம் இருக்கிறது. எடை 2 கிலோ ஏறியிருந்தது. மூச்சு வாங்க உட்கார்ந்தவர், நான் வைத்த டம்ளரை எடுத்து முழுக்கக் குடித்தார். கடிகாரத்தைப் பார்த்தேன், மணி ஐந்தரை.