புகைத்தடைப் பலகை: அச்சுக்குக் கொடுக்கும் முன் ஸ்கேலை எடுங்கள்

உள்ளங்கை அளவு 'நோ ஸ்மோக்கிங்' ஸ்டிக்கரை வாசல் கண்ணாடியில் ஒட்டிவிட்டு, சட்டத்துக்கு அதுவே போதும் என்று நினைக்கும் அலுவலகங்கள் நிறைய. போதாது. 2003ஆம் ஆண்டின் கோட்பா சட்டத்தின் (புகையிலைப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் மத்தியச் சட்டம்) கீழ் வந்து, 2008 அக்டோபர் 2 முதல் நடப்பில் இருக்கும் விதிகள் பலகையின் அளவைச் சென்டிமீட்டர் கணக்கில் சொல்கின்றன.

வெள்ளைப் பின்னணி, குறைந்தது 60க்கு 30 செ.மீ. ஏ4 தாள் பக்கத்திலேயே வராது. ஏ3கூட 42க்கு 29.7தான்.

பெரும்பாலான பலகைகள் தவறுவது வட்டத்தில். வெளி விட்டம் 15 செ.மீ.க்குக் குறையக் கூடாது. சிவப்பு வளையம் 3 செ.மீ.க்குக் குறையக் கூடாது, சிகரெட் அல்லது பீடியின் குறுக்கே போகும் பட்டையும் வளையத்தின் அதே அகலம், புகை கறுப்பு. இணையத்தில் இறக்கும் படங்கள் பெரும்பாலும் ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர அமைப்பின் பாணியில் இருக்கும். அதில் வளையம் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு, பட்டை அதைவிட மெலிசு. அதை 15 செ.மீ.க்கு வைத்தால் வளையம் ஒன்றரை செ.மீ.தான். எனவே புதிதாக வரையச் சொல்லுங்கள்: 15 செ.மீ. வட்டம், அதே மையத்தில் 9 செ.மீ. வட்டம், இடைவெளியில் சிவப்பு. கோரல்டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளில் வட்டத்துக்கு 3 செ.மீ. அவுட்லைன் கொடுக்கும் குறுக்குவழி வேண்டாம். கோடு பாதி உள்ளே, பாதி வெளியே விழும். படத்தைச் சுருக்கினால் கோடு மட்டும் சுருங்காமல் நிற்கும். 9 செ.மீ.க்குள் சிகரெட், புகை, பட்டை எல்லாம் நெருக்கியடிக்கும். வெளி வட்டம் 18, உள் வட்டம் 12 என்று வைத்தால் படம் தெளிவாகத் தெரியும், விதிக்கும் உட்பட்டதுதான்.

வாசகம்: 'புகை பிடிக்கக் கூடாத பகுதி – இங்கு புகை பிடிப்பது குற்றம்'. ஆங்கிலத்திலோ ஏதாவது ஓர் இந்திய மொழியிலோ இருக்கலாம். 'தயவுசெய்து புகைக்காதீர், நன்றி' மரியாதையாகத்தான் இருக்கிறது, ஆனால் 'குற்றம்' என்ற சொல் அதில் இல்லையே. தமிழை யூனிகோடில் அனுப்பி, கடையில் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது புள்ளி விடுபடும், கொம்பு இடம் மாறும். ப்ரூஃபை எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

உள்ளே மாட்ட 3 மி.மீ. சன்போர்டில் (லேசான பிளாஸ்டிக் நுரைப் பலகை) ஒட்டிய வினைல் போதும். வெயில் படும் வாசலுக்கு ஏசிபி (அலுமினியத் தகடு போர்த்திய பலகை) ஷீட்டும், யூவி தாங்கும் லேமினேஷனும் வேண்டும். சன்போர்டு வளைந்துவிடும், அச்சில் முதலில் வெளுப்பது சிவப்புதான், வெளுத்தால் பலகையின் உயிரே போயிற்று. டிஸ்டம்பர் சுவரில் டபுள் டேப் நிற்காது, சுண்ணாம்போடு பெயர்ந்து வரும். நான்கு மூலையிலும் திருகு போடுங்கள். தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவில் ஒட்டினால், ஆள் நுழையும்போது பலகை ஒதுங்கிவிடும். பக்கத்துச் சுவரே சரி.

எத்தனை வேண்டும்? ஒவ்வொரு நுழைவாயிலிலும், ஒவ்வொரு தளத்திலும், அந்தந்தத் தளத்தின் படிக்கட்டிலும், லிஃப்ட் வாசலிலும். இரண்டு வாசல், தரைத்தளம் சேர்த்து நான்கு தளம், ஒரு படிக்கட்டு, ஒரு லிஃப்ட் என்றால் 2+4+4+4, பதினான்கு.

யாரிடம் புகார் சொல்வது என்று பெயரும் போட வேண்டும். அதைப் பலகையிலேயே அச்சடித்துவிட்டால், அவர் மாற்றலாகிப் போனதும் மேலே ஸ்டிக்கர், அதன்மேல் இன்னொரு ஸ்டிக்கர். கீழே ஒரு அக்ரிலிக் பாக்கெட் வைத்து, சீட்டை மட்டும் மாற்றுங்கள்.

பள்ளி, கல்லூரிக்கு இது மட்டும் போதாது. 100 கஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கத் தடை என்ற பலகை வெளியே தனியாக வேண்டும்.

'ஸ்மோக்கிங் ரூம்' பலகையும் அடித்துத் தரச் சொல்லி அலுவலகங்கள் கேட்பதுண்டு. 30 அறைக்குக் குறையாத ஹோட்டல், 30 இருக்கைக்குக் குறையாத உணவகம், விமான நிலையம் தவிர மற்ற இடங்களுக்கு அந்த அனுமதியே கிடையாது. சாம்பல் கிண்ணமும் வைக்கக் கூடாது. தடைப் பலகைக்கு நேர் கீழே மணல் தொட்டி வைத்து, அதில் பீடித் துண்டுகள் குத்தி நிற்கும் காட்சியை எத்தனை கட்டடத்தில் பார்க்கிறோம்! பலகையை மாட்டுகிற அன்றே தொட்டியையும் தூக்கச் சொல்லுங்கள்.