ஏற்கெனவே நின்ற மரங்கள்

காடாம்புலியூர் பக்கம் ஒரு முந்திரிக் கொல்லையில் உட்கார்ந்து, மடியில் படிவத்தை வைத்துக்கொண்டு ஒரு பெரியவரிடம் கேட்டேன்: “ஐயா, எங்க திட்டம் வரலேன்னா இந்த நிலத்துல என்ன பண்ணியிருப்பீங்க?”

அவருக்குக் கேள்வி பிடிபடவில்லை. வேறு மாதிரி கேட்டுப் பார்த்தேன். “முந்திரிதான் தம்பி வெச்சிருப்பேன். இந்தச் செம்மண் கொல்லையில வேற என்னா வெப்பாங்க?” என்றார்.

படிவத்தில் அதை அப்படியே எழுதிக்கொண்டேன். எழுதும்போதே தெரிந்துவிட்டது, அந்தத் திட்டம் அங்கே நிற்காது.

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடலூர் முதுநகர்தான் சொந்த ஊர். இப்போது புதுச்சேரியிலிருந்து வேலை பார்க்கிறேன். கல்யாண வீடுகளில் “என்ன பண்றே?” என்று கேட்டால் கார்பன் சந்தை என்பேன். சிலர் பங்குச் சந்தை என்று நினைத்துக்கொள்வார்கள், சிலர் கரி வியாபாரம் என்று. ஒரு டன் கரியமில வாயு காற்றில் கலக்காமல் தடுத்தாலோ, காற்றில் இருப்பதை மரமோ மண்ணோ இழுத்துக்கொண்டாலோ அதற்கு ஒரு கிரெடிட். புகை விடும் நிறுவனமோ நாடோ அதை வாங்கிக்கொள்ளும். அந்த ஒரு டன் நிஜமா, யாரால் வந்தது, நிலைத்து நிற்குமா என்று கணக்கெடுத்து எழுதுவதுதான் எங்கள் பிழைப்பு.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது 2008-இல். கியோட்டோ ஒப்பந்தத்தின் கீழ், வளரும் நாடுகளில் புகையைக் குறைத்துப் பணக்கார நாடுகளுக்குக் கிரெடிட் விற்கும் சி.டி.எம். திட்டங்கள் உச்சத்தில் இருந்த நேரம். ஒரு கிரெடிட் 20 யூரோவுக்கு மேல் போனது. காற்றாலை, சர்க்கரை ஆலைகளில் கரும்புச் சக்கையை எரித்து எடுக்கும் மின்சாரம் என்று இந்தியாவிலிருந்து கோப்பு கோப்பாகப் போயின. 2012 முடியும்போது அதே கிரெடிட் 1 யூரோவுக்கும் கீழே. ஐரோப்பாவில் மந்தநிலை, சந்தையில் கிரெடிட் குவியல், போதாக்குறைக்கு இனிமேல் பதிவாகும் திட்டங்களில் மிகவும் பின்தங்கிய நாடுகளுடையதை மட்டுமே வாங்குவோம் என்று ஐரோப்பிய ஒன்றியம் சொல்லிவிட்டது. கூட வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். நான் எப்படியோ தங்கிவிட்டேன்.

2021-இல் தன்னார்வச் சந்தை சூடு பிடித்தது. நிறுவனங்கள் தாங்களாகவே முன்வந்து கிரெடிட் வாங்க ஆரம்பித்தன, எல்லோருக்கும் மரம் வேண்டியிருந்தது. விவசாயிகளின் நிலத்தில் மரம் நட்டுக் கிரெடிட் எடுக்கும் ஒரு திட்டத்துக்காக அப்போதுதான் அந்த முந்திரிக் கொல்லைக்குப் போனேன்.

மரத்தைக் கணக்காக்குவது பெரிய வித்தை இல்லை. நெஞ்சு உயரத்தில், அதாவது தரையிலிருந்து 1.3 மீட்டரில், டேப்பைச் சுற்றிச் சுற்றளவு எடுக்கிறோம். அதிலிருந்து காய்ந்த எடையைக் கணிக்கச் சமன்பாடுகள் இருக்கின்றன. காய்ந்த எடை 100 கிலோ என்றால் ஏறக்குறைய 47 கிலோ கார்பன். அதை 44-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 172 கிலோ கரியமில வாயு. அந்த அளவு மரம் ஆறு சேர்ந்தால் ஒரு டன் தேறும். முந்திரிக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். தாழக் கிளை விட்டு மண்ணைத் தொட்டுப் படுத்திருக்கும் மரம் அது. 1.3 மீட்டரில் நடுத்தண்டு எது, கிளை எது என்று முடிவு செய்யவே நேரம் ஆகும். ஒவ்வொரு கிளையாக அளந்து சட்டையெல்லாம் பிசின் கறையோடு திரும்புவோம்.

கஷ்டம் அளப்பதில் இல்லை, அடிஷனாலிட்டியில்தான். கிரெடிட் பணம் இல்லாவிட்டால் இந்த மரம் வந்திருக்காது என்று காட்ட வேண்டும். எப்படியும் நடந்திருக்கும் காரியத்துக்குக் காசு கொடுத்தால், வாங்கியவர் அதைக் காட்டிப் புகை விடுவார், காற்றில் எதுவும் குறைந்திருக்காது. அந்த வட்டாரத்தில் பெரும்பாலோர் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் காரியமா என்றும் பார்ப்பார்கள். பண்ருட்டிச் சீமையில் முந்திரி நடுவதை யாரும் செய்யாத காரியம் என்று எந்த வாயால் சொல்வது?

அந்தப் பெரியவரின் கொல்லை எனக்குப் புதிதில்லை. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. ஒரு வாரம் கழித்து அந்த வழியாகப் போனேன். ரோட்டிலிருந்து பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் வேர்கள்தான், சிவப்பு மண் ஒட்டிய வேர்கள். தாத்தா வைத்த மரம், அப்பா வைத்த மரம், எல்லாம் ஒரே காலையில் போய்விட்டன. அப்புறம் இந்த மனிதர் அடிமரத்தைத் தோண்டி எடுத்து, விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ. 3 ஒட்டுக்கன்று வாங்கி வைத்து, குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி அத்தனையையும் திரும்ப எழுப்பியிருக்கிறார். நான் டேப்போடு போனபோது அந்த மரங்களுக்கு ஒன்பது வயது.

இதையெல்லாம் சொன்னவரிடம், இந்த மரங்கள் கணக்கில் வராது, இனிமேல் புதிதாக நடுவதுதான் வரும், அதுகூட முந்திரி என்றால் சந்தேகம்தான் என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

“அப்போ வெச்சுக் காப்பாத்துனவனுக்கு ஒண்ணும் கெடையாது. சும்மா போட்டு வெச்சவனுக்குத்தான் காசு. அப்படித்தான தம்பி?”

பக்கத்தில் நின்ற அவருடைய மகன் இன்னும் ஒரு படி மேலே போனார்: “அப்போ இருக்கறத வெட்டிட்டு ரெண்டு வருஷம் கழிச்சு வெச்சா குடுப்பாங்களா சார்?”

அதைத் தடுக்க விதி இருக்கிறது. இயற்கையான காட்டை அழித்த இடமென்றால், அழித்துப் பத்து ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும், அதற்குள் அங்கே மரம் நடும் திட்டம் போட முடியாது. ஆனால் முந்திரிக் கொல்லை இயற்கைக் காடு இல்லையே. நேர்மையான மதிப்பீட்டாளர் பிடித்துவிடுவார் என்றேன். அதை நம்பித்தான் சொன்னேன். ஆனாலும் அன்று வண்டியில் திரும்பும்போது அந்தப் பெரியவருடைய கேள்விக்கு நான் பதிலே சொல்லவில்லை என்பது உறுத்திக்கொண்டே வந்தது.

என்னை அனுப்பிய ஆலோசனை நிறுவனத்தில் அறிக்கை வேறு மாதிரி வடிவெடுத்தது. ‘திட்டம் இல்லாவிட்டால் விவசாயிகள் நிலத்தைத் தரிசாக விட்டிருப்பார்கள்’ என்று ஒரு வரி வரைவில் இருந்தது. எந்த விவசாயி அப்படிச் சொன்னார் என்று கேட்டேன். பொதுவான போக்கு என்றார்கள். என் படிவங்கள் 40-ஐயும் மேசையில் வைத்து, இதில் ஒன்றில்கூட அந்த வார்த்தை இல்லை, என் பெயர் இதில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பேச்சுவார்த்தை நீண்டது, மனக்கசப்பும் வந்தது. கடைசியில் அந்தப் பகுதியை எடுத்துவிட்டார்கள். சில மாதங்களில் நானும் கிளம்பிவிட்டேன். இந்தத் தொழிலில் பொய் என்பது பெரிய மோசடியாக வருவதில்லை, இப்படி ஒரு வரியாகத்தான் வரும். அதை எழுத மறுப்பதும் எங்கள் வேலைதான். புதிதாக வரும் பிள்ளைகளிடம் எக்செல், வரைபட மென்பொருள் எல்லாவற்றுக்கும் முன்னால் இதைத்தான் சொல்கிறேன்.

அதே கேள்வி இரண்டாவது தடவை என்னிடம் வந்தது பிச்சாவரத்தில்.

சேற்றில் கார்பன் அளக்கப் போயிருந்தோம். அலையாத்திக் காட்டில் மரத்தைவிட மண்ணில்தான் சரக்கு அதிகம். காற்றுப் புகாத உப்புச் சேறு என்பதால் விழுந்த இலையும் வேரும் சீக்கிரம் மக்குவதில்லை, அப்படியே தங்கிவிடும். ஒரு பக்கம் திறந்த இரும்புக் குழாயை ஒரு மீட்டர் ஆழத்துக்கு அமுக்கி, திருகி, மெதுவாக வெளியே எடுப்போம். மேலே பழுப்பு, கீழே போகப் போகக் கருப்பு, நடுவில் மெல்லிய வேர்கள், அழுகிய முட்டை நாற்றம். கத்தியால் துண்டு துண்டாக வெட்டிப் பைகளில் போட்டு ஆழத்தை எழுதி ஒட்ட வேண்டும். சுரபுன்னைக்கு நெஞ்சு உயரக் கணக்கு சரிப்படாது, அது கால் ஊன்றி நிற்கிற மரம். மேலே கிளம்பும் கடைசி ஊன்றுவேருக்கும் 30 சென்டிமீட்டர் உயரத்தில்தான் அளக்க வேண்டும்.

எங்களுக்கு வழிகாட்ட வந்தவர் கிள்ளைப் பக்கத்து இருளர் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு அக்கா. நாங்கள் முழங்கால்வரை புதைந்து தள்ளாட, அவர் எந்த இடத்தில் கால் வைக்கலாம் என்று பார்க்காமலே நடந்தார். வழியில் தண்ணீருக்குள் கையால் துழாவி இறால் பிடித்து, பல்லில் கடித்திருந்த பறியில் போட்டுக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நின்று, “இந்த வாய்க்கா எங்கம்மா வெட்டுனது சார்” என்றார்.

அந்த வாய்க்கால்களின் கதை எனக்குத் தெரியும். பிரிட்டிஷ் காலத்திலிருந்து 1970-கள் வரை இங்கே கூப்பு முறையில் மொத்தமாக வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் வெயில் நேராக மண்ணில் விழ, மண் காய்ந்து தட்டுப்போலக் குழிந்தது. ஏறி வந்த கடல்நீர் வெளியே போக வழியில்லாமல் தேங்கி ஆவியாகி, உப்பு ஏறி ஏறி ஒன்றும் முளைக்காத பொட்டலானது. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களைச் சேர்த்துக்கொண்டு மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டின. நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரு பக்கமும் சாய்வாகக் கிளைகள். அலை உள்ளே வந்து வெளியே போகத் தொடங்கியதும் உப்பு இறங்கியது, கண்டல் கன்றுகள் பிழைத்தன. 2004 சுனாமியில் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களை இந்த மரங்கள் காத்தன. 2022-இல் பிச்சாவரம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

“இதுக்கெல்லாம் வெளிநாட்டுல காசு தர்றாங்களாமே, எங்களுக்கு வருமா சார்?” என்றார் அக்கா.

இனி மீட்கப்போகும் பொட்டல் இடங்களுக்கு வரலாம். கிரெடிட்டுகளுக்குச் சான்று தரும் வெர்ரா அமைப்பில் அதற்கான முறை இருக்கிறது. இந்தியா 2023-இல் அறிவித்த கார்பன் கிரெடிட் வணிகத் திட்டத்திலும் அலையாத்தி வளர்ப்புக்கு இடம் உண்டு. ஆனால் அவர் அம்மா வெட்டிய வாய்க்காலில் வளர்ந்து நிற்கும் காட்டுக்கு? அது ஏற்கெனவே நிற்கிறது. அதை யாரும் வெட்டப்போவதும் இல்லை, காப்புக்காடு. ஆகவே சந்தைக்கு அது கண்ணில் படாது. பாதுகாப்பாக இருக்கிறது என்பதே தகுதிக் குறைவாகிவிடுகிறது.

பல இரவுகள் யோசித்த பிறகு எனக்குத் தெளிந்தது இதுதான்: அடிஷனாலிட்டி விதியைத் தளர்த்தக் கூடாது. தளர்த்தினால் கிரெடிட் வெறும் காகிதமாகிவிடும். ஆனால் அந்த விதி இருக்கிறவரை, ஏற்கெனவே காத்தவர்களுக்குச் சந்தையால் ஒன்றும் தர முடியாது. சந்தை எல்லாம் பார்த்துக்கொள்ளும் என்று மேடையில் பேசுகிறவர்கள் இதை மறைக்கிறார்கள். காத்தவர்களுக்கு வர வேண்டியது வேறு பணம், தகவமைப்பு நிதி. புயலையும் வெள்ளத்தையும் தாங்கும்படி கரையைப் பலப்படுத்தத் தரும் பணம், அதற்கு டன் கணக்கு வேண்டாம். அந்தப் பணம்தான் உலகத்தில் குறைவு. வளர்ந்த நாடுகள் 2020-க்குள் ஆண்டுக்கு 100 பில்லியன் டாலர் காலநிலை நிதியாகத் திரட்டித் தருவதாக 2009-இல் கோபன்ஹேகன் மாநாட்டில் சொன்னதை எட்டியது 2022-இல்தான். அந்த ஆண்டு வந்த சுமார் 116 பில்லியனில் தகவமைப்புக்கு ஏறக்குறைய 32 பில்லியன். அதிலும் கடனாக வருவதும் நிறைய.

2024 நவம்பரில் பாகுவில் நடந்த காலநிலை மாநாட்டில், பாரிஸ் ஒப்பந்தத்தில் கார்பன் சந்தையைப் பற்றிய 6-ஆம் பிரிவின் விதிகள் ஒருவழியாக முடிவாயின. நாடுகளுக்கிடையே கிரெடிட் கைமாறினால் விற்ற நாடு அதைத் தன் கணக்கில் காட்டக் கூடாது என்பது போன்றவை. எங்கள் வட்டாரத்தில் ஒரே உற்சாகம். அதே மாநாட்டில் 2035-க்குள் ஆண்டுக்கு 300 பில்லியன் என்று நிதி இலக்கு வைத்தார்கள். இது போதாது என்று இந்தியப் பிரதிநிதி அந்த அரங்கிலேயே மறுப்புத் தெரிவித்தார். மாநாடு முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை. என் வீட்டு மாடிப்படியில் நான்காவது படி வரை தண்ணீர். அப்புறம் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீர் தென்பெண்ணை வழியாகக் கடலூருக்குள் புகுந்தது. சார்ஜ் தீரப்போகிற போனில் விதிகளைப் பற்றி வந்த வாழ்த்துச் செய்திகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கரண்ட் வந்ததும் முதலில் காடாம்புலியூருக்குத்தான் போன் போட்டேன். பெரியவர் எடுத்தார். “கெளைங்கதான் ஒடிஞ்சிச்சு. மரம் நிக்குது தம்பி. ஒன் படிவத்துல எழுதிக்கோ” என்றார்.

எழுதிக்கொண்டேன். அதற்கு ஓரிடம் இருக்கிறது. இப்போது நான் தயாரிக்கும் எல்லாக் கள ஆய்வுப் படிவத்திலும் கடைசியாக ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன்: ‘இங்கே ஏற்கெனவே நிற்பவை எவை, எந்த ஆண்டிலிருந்து, யார் காத்தது’. டன் கணக்கில் அது சேராது, மதிப்பீட்டாளர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஆனால் கிள்ளைக் கரைக்காக ஒரு தகவமைப்பு நிதி விண்ணப்பம் நண்பர்களோடு சேர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறோம். அதன் முதல் இணைப்பு அந்தப் பத்திதான். வாய்க்கால் வெட்டியவர்களின் பெயர்களை அந்த அக்கா தன் அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறார். இதுவரை 23 பேர். அடுத்த வாரம் நீர் இறங்கும் நேரம் பார்த்து மறுபடி போகிறேன்.