அப்புறம் தனியா எதுக்கு?

“உனாமுனோவுக்குள்ளேயே தொழிற்சாலை இருக்குன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் தனியா எதுக்கு?”

எங்கள் ஸ்பானிஷ் துறையின் பாடத்திட்டக் குழுவில் மேடம் இப்படிக் கேட்டதும் நான் “சரி மேடம்” என்றேன். புகையிலை ஆலைப் பெண்ணொருத்தியைப் பற்றிய ஸ்பானிஷ் நாவல் ‘லா திரிபூனா’ பட்டியலிலிருந்து போனது. கட்டுரையாளர் உனாமுனோ பட்டியலில் ஏற்கெனவே இருந்தார். ‘லா திரிபூனா’வின் இடத்தில் அதே காலத்து எழுத்தாளர் கிளாரினின் சிறுகதை ஒன்று வந்தது. அடுத்த தாளைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். அந்தக் கேள்விக்கு நல்ல பதில் இருக்கிறது என்று சில நாள் தோன்றுகிறது. சில நாள், அவர் கேட்டது நியாயம்தானே என்று தோன்றுகிறது.

அவர் அப்படிக் கேட்கக் காரணமே என் வாதம்தான். ஸ்பெயினின் ஆன்மா நாட்டின் நடுவே உள்ள காஸ்டிலின் மேட்டுநிலத்தில் இருக்கிறது என்று வகுப்பில் சொல்லித்தருகிறோம். வறண்ட வயல், பாழடைந்த ஊர், பழைய பெருமை. ஆனால் அந்தச் சித்திரத்தை வரைந்தவர்களில் முக்கியமானவர்கள் அந்த மண்ணில் பிறந்தவர்கள் இல்லை. கவிஞர் மச்சாதோ தெற்கே செவில்லில் பிறந்தவர். 1907இல் பிரெஞ்சு ஆசிரியராக காஸ்டிலின் சோரியாவுக்குப் போனார். (சின்ன ஊரில் அந்நிய மொழி வாத்தியார். அந்த அலுப்பு எனக்குப் புரியும்.) கட்டுரையாளர் அஸோரின் கிழக்கே அலிகாந்தே பக்கத்து மொனோவர்க்காரர். உனாமுனோவோ வடக்கே பாஸ்க் பகுதியின் பில்பாவோக்காரர்.

பில்பாவோ என்றால் இரும்பு. சுற்றியிருந்த மலைகளிலிருந்து தாது கப்பல் கப்பலாக பிரிட்டனுக்குப் போனது. ஆற்றங்கரையில் உலைகள் எழுந்தன. சுரங்க வேலைக்கு வெளியூர்க்காரர்கள் வந்து குவிந்தார்கள். உனாமுனோ அந்த ஊரின் சோஷலிஸ்ட் வார இதழில் எழுதியவர். அதே மனிதர் 1895இல் மேட்டுநிலத்து சலமான்காவில் இருந்துகொண்டு, உண்மையான மரபு பத்திரிகைச் செய்திகளில் இல்லை, நிலத்தில் உழைக்கும் லட்சக்கணக்கான பேரின் சத்தமில்லாத வாழ்க்கையில் இருக்கிறது என்று கட்டுரைகள் எழுதினார். அதே 1895இல் அதே பில்பாவோவில் சபினோ அரானா பாஸ்க் தேசியவாதக் கட்சியைத் தொடங்கினார். பிழைக்க வந்த வெளியூர்த் தொழிலாளிகள் மேல் அவருக்கு இருந்த வெறுப்பை அவர் மறைத்ததே இல்லை. ஒரே புகையிலிருந்து தப்பி ஒருவர் காஸ்டில் பக்கம் போனார், இன்னொருவர் பாஸ்க் ரத்தம் என்று போனார். 1898இல் காலனிகளான கியூபாவும் பிலிப்பைன்ஸும் கைவிட்டுப் போனபோதுதான் ‘ஸ்பெயின் என்றால் என்ன’ என்ற கேள்வி பிறந்தது என்று பாடப்புத்தகம் சொல்கிறது. கேள்வி அதற்கு முன்பே உலைக்களங்களைச் சுற்றி எழுந்துவிட்டது.

இதைத்தான் குழுவில் சொன்னேன். அந்த வயல்களெல்லாம் ஆலைக்கு முதுகு காட்டி நின்றவர்கள் கண்ட வயல்கள், அதனால் ஆலையையும் படிக்க வைக்க வேண்டும் என்றேன். மேடம் அந்த ‘அதனால்’ என்ற இடத்தில் பிடித்துக்கொண்டார்.

அவர் பக்கமும் பேச வேண்டும். நாவல் நீளமானது. நம் மாணவர்களில் பாதிப் பேர் படிப்பை முடித்துவிட்டு பெங்களூரில் மெக்சிகோ வாடிக்கையாளர்களிடம் போனில் பேசப் போகிறவர்கள். நாவலின் பின்னணியான 1873இன் குடியரசு அரசியலை விளக்கவே இரண்டு வாரம் போய்விடும். ‘லா திரிபூனா’வை விட்டதில் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை என்று எனக்கே ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன்.

பிறகு அந்த நாவலின் நாயகி அம்பாரோ நினைவுக்கு வருவாள். புகையிலை ஆலையில் சுருட்டு சுற்றும் பெண். கூட வேலை செய்யும் பெண்களுக்குச் செய்தித்தாளை உரக்கப் படித்துக் காட்டுவாள். கூட்டாட்சிக் குடியரசு வந்தால் எல்லாம் மாறும் என்று நம்புவாள். வசதியான வீட்டுப் பையன் அவளைக் கைவிடுகிறான். குடியரசு அறிவிக்கப்படும் நாளில் அவளுக்குக் குழந்தை பிறக்கிறது. எமிலியா பார்தோ பாஸான் இதை வெளியிட்ட 1883இல், ஆலைத் தொழிலாளியை நாவலின் நடுவில் உட்கார வைப்பது ஸ்பெயினுக்குப் புதிது. மச்சாதோவின் உழவர்கள் பார்க்கப்படுகிறவர்கள். அம்பாரோ தானே பேசுகிறவள். தேசம் எது என்பதை அவளும் சொல்லப் பார்க்கிறாள். ‘தனியா எதுக்கு’ என்றால் இதற்குத்தான் மேடம்.

நல்ல பதில்தான். ஆனால் நாவலின் முன்னுரையைத் திறந்தால் அது தடுமாறுகிறது. தனக்குத் தெரியாத ஆட்சி முறையில் மக்கள் தங்கள் விடிவை எதிர்பார்ப்பது அபத்தம் என்று பார்தோ பாஸான் அதில் எழுதியிருக்கிறார். பிரபுக் குடும்பத்துப் பெண்மணி. இரண்டு மாதம் காலையும் மாலையும் ஆலைக்குப் போய்ப் பேச்சைக் கேட்டுக் குறித்துக்கொண்டவர். ஆக அம்பாரோவும் பார்க்கப்படுகிறவள்தானா? அப்படியானால் மேடம் சொன்னதில் என்ன தப்பு?

கிளாரினின் கதை வகுப்பில் எடுபட்டது, அதையும் சொல்ல வேண்டும். ‘அதியோஸ், கொர்தேரா!’ அஸ்தூரியாஸ் மலையில் ஒரு புல்வெளி, இரட்டைப் பிள்ளைகள், கொர்தேரா என்ற பசு. முதலில் தந்திக் கம்பம் வருகிறது, பிறகு ரயில். குத்தகைப் பாக்கிக்காக அப்பா பசுவை விற்க, அது ரயிலேறி காஸ்டிலுக்கு, இறைச்சிக்குப் போகிறது. சில வருடம் கழித்து அதே தண்டவாளத்தில் பையன் கார்லிஸ்ட் போருக்கு, அரியணைக்காக நடந்த உள்நாட்டுப் போருக்கு, போகிறான். ஒரு மாணவி கேட்டாள்: “சார், இதுல காஸ்டில்னா கசாப்புக்கூடம். மச்சாதோல காஸ்டில்னா ஆன்மா. ரெண்டும் ஒரே நாடா?”

நாவல் இல்லாமலேயே அந்தக் கேள்வி வந்துவிட்டது. மேடம் ஜெயித்தார் என்று அப்போதே நினைத்தேன். ஆனால் கதையில் வரும் ரயிலை ஓட்டுபவன் யார் என்று யாருமே கேட்கவில்லை. கதையும் சொல்லாது. அது புல்வெளியில் நின்று பார்த்த ரயில்.

நர்சிஸ் ஒல்யேரின் பார்சிலோனா பங்குச்சந்தை நாவலை நான் முன்மொழியவே இல்லை. “அது கத்தலான், நம்ம துறை ஸ்பானிஷ்” என்று சொல்லிவிடுவார்கள் என்று தெரியும். 1833இல், பார்சிலோனா பக்கத்து மொழியான கத்தலானின் இலக்கிய மறுமலர்ச்சிக்குத் தொடக்கமாகச் சொல்லப்படும் அரிபாவின் கவிதை வெளிவந்த பத்திரிகையின் பெயரே நீராவி. பார்சிலோனாவின் முதல் நீராவி நூற்பாலை ஓடத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான். ஆலை அதிகம் இருந்த மொழியே நம் பட்டியலுக்கு வெளியே இருக்கிறது. அதற்கு மேடத்தைக் குறை சொல்ல முடியாது.

இப்போது பாடத்திட்டத்தைத் திருத்துகிறார்கள். மேடம் ஓய்வு பெற்றுவிட்டார், எதிர்த்துப் பேச ஆளில்லை. ‘லா திரிபூனா’ உள்ளே வர வேண்டுமென்றால் எதையாவது எடுக்க வேண்டும். மச்சாதோவைத் தொட முடியாது, நுழைவுத் தேர்வுக்கு வேண்டும். உனாமுனோ போனால் என் வாதமே போய்விடும். மிஞ்சுவது கிளாரின், பிள்ளைகள் தாங்களாகவே விரும்பிப் படித்த கதை. “கொர்தேராவை எடுக்கப் போறீங்களாமே?” என்று புதிதாகச் சேர்ந்த ஆசிரியர் ஒருவர் வந்து கேட்டார். இன்னும் முடிவு பண்ணலை என்றேன்.