மானிட்டரை மாட்டுவதற்கு முன்

ஆம்புலன்ஸ் பணியில், நோயாளியிடம் போனதும் கை தானாக பி.பி. பட்டையைத் தேடும். கொஞ்சம் பொறுக்கலாம். முதலில் பேச்சுக் கொடுங்கள். தெளிவாக, முழு வாக்கியமாகப் பதில் வந்தால் மூச்சுப்பாதை திறந்திருக்கிறது, மூளைக்கும் ரத்தம் போகிறது. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் நிலைமை மோசம். பேசும்போதே மணிக்கட்டைப் பிடித்தால் நாடியின் வேகமும் தோலின் குளிர்ச்சியும் வியர்வையும் தெரிந்துவிடும். ரத்தம் பீறிட்டுக்கொண்டிருந்தால் மட்டும் வரிசை மாறும். அதை அடக்குவதுதான் முதல் வேலை. கை காலில் அழுத்திப் பிடித்தும் நிற்கவில்லையென்றால் காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டின்மேல் படாமல் டூர்னிக்கே (ரத்தத்தை நிறுத்த இறுக்கிக் கட்டும் பட்டை) கட்டி, கட்டிய நேரத்தை எழுதுங்கள்.

அடுத்தது மூச்சு எண்ணிக்கை. எண்ணாமலேயே 18 அல்லது 20 என்று எழுதிவிடும் பழக்கம் பரவலாக உண்டு. இந்தத் துறையின் மோசமான பழக்கம் எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். நாடி பார்ப்பதுபோல் கையைப் பிடித்தபடியே மார்பைக் கவனித்து 30 விநாடி எண்ணி இரட்டியுங்கள். சீரற்று இருந்தால் முழு நிமிடம். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் மூச்சின் போக்கே மாறிவிடும். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. சும்மா படுத்திருப்பவருக்கு 28 என்றால், ஆக்ஸிஜன் அளவு 98 காட்டினாலும் விடாதீர்கள். கிருமித்தொற்று ரத்தத்தில் பரவியிருக்கலாம், நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம், சர்க்கரை நோயில் ரத்தம் அமிலமாகியிருக்கலாம். இவர்களையெல்லாம் ‘பதற்றம்’ என்று ஒதுக்குவதுதான் ஆபத்து. இதற்கு நேர்மாறும் உண்டு: 36 இருந்த ஆஸ்துமா நோயாளி 14-க்கு வந்து கண் சொக்கினால் அது முன்னேற்றம் இல்லை, களைப்பு. பேக் மாஸ்க்கை (அழுத்தி மூச்சு கொடுக்கும் பை) கையில் எடுங்கள்.

விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் குளிர்ந்த விரலில் தடுமாறும். கார்பன் மோனாக்சைடு புகையைச் சுவாசித்தவருக்கு நல்ல எண்ணையே காட்டும்.

ரத்த அழுத்தம் இன்னும் தாமதமாகத்தான் பேசும். இளவயதினரின் உடல் கிட்டத்தட்ட 30 சதவீத ரத்தம் போகும்வரைகூட மேல் எண்ணை விழாமல் பிடித்து வைக்கும். 118/96, நாடி 130 என்றால் 118-ஐப் பார்த்து நிம்மதியடைய வேண்டாம். இரண்டு எண்களுக்கும் இடையே 22-தான் இடைவெளி, அது இப்படிக் குறுகுவதே எச்சரிக்கை. நாடியை மேல் எண்ணால் வகுத்தால் 1.1. 0.9-ஐத் தாண்டினாலே ஷாக்கை, அதாவது உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போகாத நிலையை, சந்தேகிக்க வேண்டும். நாடி வேகத்தைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடும் முதியவருக்கு இந்தக் கணக்கு உதவாது. உள்ளே ரத்தம் கசிந்தாலும் நாடி 78-லேயே நிற்கலாம். மாத்திரைப் பையைப் பார்க்காமல் நாடியை நம்பக் கூடாது.

குழப்பமாகப் பேசுபவர், ஒருபக்கம் தளர்ந்தவர், மது வாடை அடிப்பவர், எல்லோருக்கும் சர்க்கரை பாருங்கள். விரலைத் துடைத்துவிட்டுக் குத்துங்கள். விரலில் இனிப்பு ஒட்டியிருந்தால் பொய்யாக உயரும். 70-க்குக் கீழே என்றால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். விழுங்க முடியாதவருக்கு வாய்வழியாக எதுவும் கூடாது.

இனி, அங்கேயே நிற்பதா, கிளம்புவதா? வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறவருக்கு வேண்டியது அறுவை சிகிச்சை. உடனே கிளம்புங்கள், நரம்பில் மருந்து ஏற்றும் ஊசி வழியை ஓடும் வண்டியில் போட்டுக்கொள்ளலாம். இதயம் நின்றவருக்கு நேரெதிர்: நகர்த்தினால் மார்பு அழுத்தம் தடைபடும், அங்கேயே செய்யுங்கள். நெஞ்சுவலிக்கு முதல் 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்து, அடைப்பை நீக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்குத் தகவல் சொல்லிவிட்டுக் கிளம்பலாம். பக்கவாதமென்றால் ‘எப்போது பார்த்தீர்கள்?’ என்று கேட்டால் போதாது. ‘கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?’ என்று கேளுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்கான 4.5 மணி நேரம் அதிலிருந்துதான் தொடங்குகிறது. சொன்னவரையே வண்டியில் ஏற்றிக்கொள்வது நல்லது.

வழியில், நிலை மோசமானவருக்கு 5 நிமிடத்துக்கு ஒருமுறை, மற்றவர்களுக்கு 15 நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் திரும்பப் பாருங்கள். ஒப்படைக்கும்போது, ஆக்ஸிஜன் வைப்பதற்கு முன் எடுத்த முதல் அளவையும் சொல்லுங்கள். அங்கே இருப்பவர்கள் பார்க்கப்போவது முகமூடியோடு வரும் 97-ஐ மட்டும்தான். அது 82-லிருந்து ஏறியது என்று அவர்களுக்குத் தெரிய வேறு வழியில்லை.